தமிழில் குடிமைப் பணித் தேர்வு: 6,000 ரூபாய்க் குறிப்புக் கட்டை வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பரீட்சைக்கு எதைப் படிப்பது, எதை விடுவது என்ற குழப்பம்தான் பயிற்சி நிலையங்களின் இப்படிப்பட்ட குறிப்புக் கட்டுகளை விற்க வைக்கிறது.

என் அக்கா திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகள் அங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியப் பிரஜை. இந்தியக் குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுதுகிறாள்; தமிழ் இலக்கியத்தையே விருப்பப் பாடமாகவும் எடுத்திருக்கிறாள். முதல்நிலைத் தேர்வு முடிந்த கையோடு, "சித்தி வீட்டில் இருந்து படிக்கிறேன்" என்று திருக்கோணமலைக்கு வந்துவிட்டாள். நான் இங்கே உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். அவள் வந்ததில் எனக்கும் சந்தோஷம், ஏனென்றால் பள்ளிக்கூடப் பாடத்திட்டத்துக்கு வெளியே சங்கப் பாட்டைப் பற்றிப் பேச ஒரு ஆள் வீட்டுக்குள் கிடைப்பது அபூர்வம்.

அவள் பெட்டியில் உடுப்பைவிட அதிகமாக இருந்தது இந்தக் கட்டுதான். ஒரு பயிற்சி நிலையத்தில் 6,000 இந்திய ரூபாய் கட்டி வாங்கியது. இலங்கைக் காசில் 20,000 ரூபாய்க்கு மேல் வரும். மொத்தம் 9 தொகுதிகள்: தமிழ் இலக்கியத்துக்கு 4, பொது அறிவுத் தாள்களுக்கு 4, கட்டுரைக்கு 1. நிலையத்தின் பெயரைப் போடப் போவதில்லை. எங்கள் வீடு உவர்மலையில்; கடற்காற்றுக்குத் தொகுதிகளைக் கட்டியிருந்த சுருள் கம்பி துருப்பிடித்து, தாளின் ஓட்டையைச் சுற்றி எல்லாம் பழுப்புக் கறை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதுதான் பிரச்சினை.

அதற்கு முன் ஒரு விஷயம். பிள்ளை வந்திருப்பது தெரிந்ததும், "எங்கட பிள்ளைகளும் இந்த ஐ.ஏ.எஸ். எழுதலாமா ரீச்சர்?" என்று தெருவில் இரண்டு பேராவது கேட்டுவிட்டார்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். இரண்டுக்கும் இந்தியக் குடியுரிமை கட்டாயம். இலங்கையிலிருந்து போய் இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் இந்திய வம்சாவளியினருக்கு வேறு சில பணிகளுக்கு மட்டும் வழி இருக்கிறது, அதற்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கிருந்து எழுத முடியாது. நம் இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கீழே சொல்லும் சில நூல்கள் உதவும், அவ்வளவுதான்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். முதன்மைத் தேர்வில் 9 தாள்கள். தமிழ் 300, ஆங்கிலம் 300, இந்த இரண்டிலும் 25 சதவீதம் எடுத்தால் போதும். தரவரிசைக்கு இவை சேராது. ஆனால் இவற்றில் தவறினால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மிச்ச 7 தாளும் தலா 250: கட்டுரை ஒன்று, பொது அறிவு நான்கு, விருப்பப் பாடம் இரண்டு. மொத்தம் 1,750. நேர்முகத்துக்கு 275 சேர்த்தால் 2,025. கணக்குப் போட்டுப் பார்த்தால், விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அந்த 500 எவ்வளவு பெரிய வாய்ப்பு! அதனால்தான் இலக்கியத் தொகுதிகளை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசித்தேன்.

விடைகளைத் தமிழில் எழுதலாம். இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் எதிலும் எழுதலாம். ஆனால் பொது அறிவுத் தாள்களின் வினா ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகி வரும். இங்கே நம் பிள்ளைகளுக்கு மூன்று மொழியிலும் வினாத்தாள் வந்து பழகியதால் எனக்கு இது முதலில் பிடிபடவே இல்லை. ஆங்கிலத்தில் கேள்வியை வாசித்து, அது கேட்பது விளக்கமா, ஆய்வா, மதிப்பீடா என்று பிரித்தறிந்து, அப்புறம் தமிழில் எழுத வேண்டும். அதுவும் முதல் மூன்று தாளில் 3 மணி நேரத்தில் 20 கேள்வி; ஒரு கேள்விக்கு 9 நிமிடம். தமிழ் வழிப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் வேலை. இந்தக் கூடுதல் படிக்கு அந்த 9 தொகுதியில் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. தமிழில் எழுதுவோருக்கென்றே விற்கும் கட்டில் இது இல்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இலக்கியத்துக்கு வருகிறேன்.

விருப்பப் பாடத்தின் இரண்டாம் தாளுக்கான பாடத்திட்டம் மிகத் தெளிவானது. குறுந்தொகையில் முதல் 25 பாட்டு, புறநானூற்றில் 182 முதல் 200 வரை, திருக்குறளில் இறைமாட்சி தொடங்கி அவையஞ்சாமை வரை, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகருணன் வதைப் படலம், திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம், திருப்பாவை முழுவதும். அப்புறம் பாரதியின் கண்ணன் பாட்டு, பாரதிதாசனின் குடும்ப விளக்கு எனத் தற்காலத்துக்கு வந்து, முத்துப்பட்டன் கதை, மலையருவி என்று நாட்டார் இலக்கியத்தில் முடிகிறது. எல்லை போட்டுத் தந்துவிட்டார்கள். இந்த எல்லைக்குள் மூலத்தைக் கரைத்துக் குடித்தவருக்குத் தாள் கை கொடுக்கும்.

ஆனால் குறிப்புக் கட்டில் மூலமே இல்லை! குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரியில் உரைநடைச் சுருக்கம், திணை, கூற்று, பாடியவர், முடிந்தது. பரீட்சையில் பாட்டின் அடியைக் கொடுத்து இடஞ்சுட்டி விளக்கச் சொல்வார்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்த பிள்ளை, தெரியாத ஆளை வழியில் பார்த்த மாதிரி அந்த அடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். "யாரும் இல்லைத் தானே கள்வன்" என்று கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி ஒருவருமில்லை, அவன் மட்டுமே. ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றும் இருந்தது. "தலைவன் ஏமாற்றிவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள்" என்று கட்டு சொல்கிறது. சரிதான். குருகைக் காணோம். மீனிலேயே கண்ணாய் இருந்த ஒரு பறவை எப்படிச் சாட்சி சொல்லும் என்ற தவிப்பு அந்தக் குருகில்தானே இருக்கிறது? இலக்கிய முதல் தாளில் உள்ளுறை, இறைச்சி என்ற மறைபொருள் உத்திகளையும் படிமத்தையும் கேட்கும்போது எடுத்துக்காட்டுக்கு இந்தக் குருகுதான் வர வேண்டும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுருக்கம் எழுதியிருக்கிறார்கள்.

புறநானூறு 184இல் எனக்குக் கோபமே வந்தது. பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன பாட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால், ஒரு 'மா' என்ற சிறு அளவுக்கும் குறைந்த நிலம்கூடப் பல நாளுக்குக் காணும். யானை தானே வயலில் புகுந்து தின்றால் நூறு வயல் இருந்தாலும் போதாது. வாயால் தின்றதைவிடக் காலால் மிதித்து அழித்தது அதிகம். "அரசன் அளவோடு வரி வாங்க வேண்டும்" என்று ஒரே வரியில் கட்டு இதை முடித்துவிட்டது.

பாட்டு அத்தோடு நிற்கவில்லை. அரசன் அறிவில் மெலிந்தவனாகி, "வரிசை அறியாக் கல்லென் சுற்றமொடு" மக்களுடைய பரிவு கெடும்படி பிடுங்கினால் என்ன ஆகும் என்று சொல்கிறது. தரம் தெரியாத, இரைச்சல் போடும் சுற்றம். யார் அவர்கள்? அரசனைச் சுற்றி நின்று நிர்வாகம் நடத்துகிறவர்கள். அதாவது இந்தப் பரீட்சை எழுதி இந்தப் பிள்ளை எந்த நாற்காலியில் உட்காரப் போகிறதோ, அந்த நாற்காலியைப் பற்றிய பாட்டு இது. அரசனும் உண்ணான், உலகமும் கெடும் என்று முடிகிறது. நிர்வாக அறம் பற்றிய பொது அறிவு நான்காம் தாளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. கந்தளாய்ப் பக்கமும் மூதூர், சேருவிலப் பக்கமும் வயல் செய்கிறவர்களைக் கேளுங்கள். என் வகுப்பில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அறுவடை நெருங்கினால் தகப்பனும் தமையனும் யானை வெடியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் காவலில் இருப்பார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் தின்ற இடம் கொஞ்சம், சேற்றோடு சேர்த்து மிதித்த இடம்தான் பெரிது என்று அவள் வகுப்பில் சொன்னாள். இதை என் பெறாமகளிடம் சொன்னபோது புறநானூற்றை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சித்தி, இது எப்படி நோட்ஸ்ல வராமப் போச்சு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இலக்கியத் தொகுதி நான்கும் அலுமாரிக்கு மேலேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 184இல் இந்த அறிவுரையைக் கேட்ட அறிவுடை நம்பியே 188ஆம் பாட்டைப் பாடியவன். குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பாடிய அரசன். இரண்டு பாட்டும் பாடத்திட்டத்தின் எல்லைக்குள் நான்கு பாட்டு இடைவெளியில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதினாலே விடை தனித்துத் தெரியும். கட்டு இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு 183ஐ, கல்வியின் சிறப்பைச் சொல்லும் "உற்றுழி உதவியும்" பாட்டை, கணியன் பூங்குன்றனார் பேரில் போட்டிருக்கிறார்கள். அது ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. பூங்குன்றனார் பாடியது 192. தமிழ் படித்த ஒருவர் ஒரு முறை வாசித்துப் பார்த்திருந்தால் இந்தப் பிழை அச்சுக்குப் போயிருக்காது.

கம்பன் பகுதியும் இதே கதிதான். "அண்ணனுக்காகப் போரிட்டுக் கும்பகருணன் உயிர் துறந்தான்" என்ற அளவில் நிற்கிறது. அந்தப் படலத்தின் உயிரே வீடணன் வந்து அழைப்பதும் கும்பகருணன் மறுப்பதும்தான். நீர்க்கோல வாழ்வை நச்சி வர மாட்டேன், வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் போக மாட்டேன் என்கிறான். அண்ணன் செய்தது பிழை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கிறான். வீடணனும் தன் பக்கத்தில் சரியானவனே. பிழையென்று தெரிந்த மேலிடத்துக்கு விசுவாசமாக இருப்பதா, விலகிப் போய் அறத்தின் பக்கம் நிற்பதா? நான்காம் தாளில் அதிகாரி ஒருவரின் இக்கட்டை விவரித்து, என்ன செய்வீர்கள் என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குக் கம்பன் இரண்டு சகோதரர்களை எதிரெதிரே நிறுத்திக் காட்டியிருக்கிறான். இங்கே நானும் பிள்ளையும் ஒத்துப்போகவில்லை. அவள் வீடணன் பக்கம், நான் கும்பகருணன் பக்கம். அவளுடைய வாதம் நிர்வாகத்துக்குப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படலத்தை வாசித்தால் என் மனம் அங்கே போக மறுக்கிறது.

திருக்குறளிலும் இதே இரட்டைப் பலன் கிடைக்கிறது. இறைமாட்சி 39ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. மொத்தம் 35 அதிகாரம், 350 குறள். தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்பவை ஆளைத் தேர்வதும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதும். கொடுங்கோன்மைக்குப் பின்னால் வெருவந்த செய்யாமை, அதற்குப் பின்னால் கண்ணோட்டம். மக்களை அச்சுறுத்தாமல் இருப்பதையும் இரக்கம் காட்டுவதையும் அரசியலுக்குள்ளேயே வைத்தார் வள்ளுவர். நான்காம் தாளின் பாடத்திட்டத்தில் நலிந்தவர்கள் மேல் பரிவு என்று ஒரு தலைப்பே இருக்கிறது. பரிமேலழகர் உரையோடு இந்த 350ஐயும் படித்த பிள்ளைக்கு விருப்பப் பாடம், அறத் தாள், கட்டுரை என்று மூன்று இடத்தில் அறுவடை.

பொது அறிவுத் தொகுதிகளை நான் முழுதாக மதிப்பிடப் போவதில்லை, பொருளாதாரமும் விஞ்ஞானமும் என் துறை இல்லை. ஆனால் இரண்டாம் தாளில் இந்தியாவும் அண்டை நாடுகளும் என்ற பகுதி இருக்கிறது. அதில் இலங்கைக்கு மூன்று பக்கம். அதை எனக்கு வாசிக்கத் தெரியும்.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் இந்தியா அனல் மின்நிலையம் கட்டி வருவதாக எழுதியிருக்கிறார்கள். அந்த நிலக்கரித் திட்டம் 2016இலேயே கைவிடப்பட்டது. இப்போது அங்கே வருவது 120 மெகாவாட் சூரிய மின்திட்டம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் இலங்கைக்கு வந்தபோது கொழும்பிலிருந்தபடியே தொடக்கி வைத்தார்கள். திருக்கோணமலை எண்ணெய்த் தாங்கிகள் முழுவதும் இந்தியாவின் கையில் என்று இன்னொரு வரி. 2022 ஜனவரியில் செய்த ஏற்பாட்டின்படி 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 நம் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. வடக்கு கிழக்கு இன்னும் ஒரே மாகாணமாம்! 2006இல் வந்த தீர்ப்போடு பிரிந்துபோனது நாங்கள் வாழ்ந்து பார்த்த விஷயம்.

இந்தப் பகுதியை எப்படிப் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தொடங்கு. அதோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே திருக்கோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் வந்துவிட்டன. அங்கிருந்து இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், மாகாண சபைகள். கச்சதீவுக்கு 1974, 1976 என்ற இரண்டு ஒப்பந்தங்கள், மீனவர் பிரச்சினை. கடைசியாக, 2025இல் திருக்கோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் போட்டுக்கொண்ட புரிந்துணர்வு. ஒரு துறைமுகத்தை நூலாகப் பிடித்துக்கொண்டு போனால் முப்பது நாற்பது வருட உறவு முழுவதும் கையில் வரும். ஒரு பின்னேரம் அவளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய், கோட்டை வழியாக ஏறிச் சுவாமி மலையில் நின்று, துறைமுகம் எந்தப் பக்கம், சம்பூர் எந்தப் பக்கம் என்று கைகாட்டினேன். வரைபடத்தில் பார்த்ததை நேரில் பார்த்த பிறகு அவள் எழுதிய 250 சொல் விடை எவ்வளவோ திருந்தியிருந்தது.

கட்டில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டுரைத் தொகுதியின் பின்பக்கத்தில் பழைய கட்டுரைத் தலைப்புகளைப் பொருள் வாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அது உழைத்துச் செய்த வேலை. மூன்றாம் தாளுக்கான தொகுதியில் பேரிடர் மேலாண்மைப் பகுதி படங்களோடு தெளிவாக இருக்கிறது. ஆழிப்பேரலையைக் கண்ட ஊர்க்காரியாக அதை அக்கறையோடு வாசித்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் 6,000 ரூபாய் அதிகம்.

அப்படியென்றால் எதைப் படிப்பது? நாங்கள் இப்போது வைத்திருப்பவை எல்லாம் காசில்லாமல் கிடைத்தவை. முதலாவது, இந்தத் தேர்வை நடத்தும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கும் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும். பாடத்திட்டத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதில் இல்லாத ஒன்றைப் படிக்கத் தோன்றினால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும்தான். இரண்டாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். 2001இல் தொடங்கிய நிறுவனம். சங்க இலக்கியம், குறள், காப்பியம், பக்தி இலக்கியம் எல்லாம் மூலமும் உரையுமாகக் கிடைக்கும். கடல் கடந்து இருக்கிற எங்களுக்கு அதன் அருமை தெரியும். மூல பாடம் மட்டும் போதுமென்றால் 1998இலிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் எடுக்கலாம். பாரதிதாசன், அண்ணா எழுத்துக்கள் நாட்டுடைமை ஆனவை, அவையும் இணையத்தில் கிடைக்கின்றன.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசின் 11, 12ஆம் வகுப்புப் பாடநூல்கள். 2018, 2019இல் புதிய பாடத்திட்டத்தில் வந்தவை. வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளியல் நான்கும் தமிழில் விடை எழுதுகிறவருக்குப் பெரிய உதவி, ஏனென்றால் பொருள் விளங்குவதோடு அந்தத் துறையில் தமிழில் எப்படி வாக்கியம் அமைப்பது என்பதும் கூடவே பழகுகிறது. இதே பாடத்துக்கு டில்லி என்.சி.இ.ஆர்.டி. பள்ளிப் பாடநூல்களை ஆங்கிலத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்கிறேன். வினா ஆங்கிலத்தில் வரும் என்ற அந்தக் கூடுதல் படியைத் தாண்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கலைச்சொல்லைத் தமிழில் எழுதி அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தையும் போட விதி இடம் கொடுக்கிறது. அதற்கும் இந்த ஜோடி வாசிப்பு உதவும். நம் நிர்வாக சேவைக்குப் படிக்கிறவர்கள் பொருளியல், புவியியல் அடிப்படைக்கு இந்தத் தமிழ்நாட்டு நூல்களைப் பார்க்கலாம். அரசியல் அமைப்புப் பகுதி இந்தியாவுக்குரியது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தகுதித் தாளான தமிழை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டுரைக்கு 100, பந்தி வாசித்து விடை எழுத 60, சுருக்கி எழுத 60, மொழிபெயர்ப்பு இரு பக்கமும் 20, 20, இலக்கணத்துக்கு 40. தமிழ்தானே என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். சுருக்கி எழுதுவது பழகாமல் வராது. அரிசி களைவது போலத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் தேவையில்லாத சொல் கழன்று போகும். நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை எடுத்து மூன்றில் ஒரு பங்காக்கச் சொல்கிறேன். முதலில் அவள் உதாரணங்களை வைத்துக்கொண்டு வாதத்தை வெட்டினாள். இப்போது வாதம் நிற்கிறது.

அப்புறம், எழுத்துப் பழக்கம். தேர்வு நாள்களில் பெரும்பாலும் காலையில் ஒரு தாள், பின்னேரம் ஒரு தாள். ஒரே நாளில் 6 மணி நேரம் கை ஓட வேண்டும். விருப்பப் பாடத்தில் 8 கேள்வியில் 5 எழுத வேண்டும், முதலாவதும் ஐந்தாவதும் கட்டாயம். விடைக்கு விட்ட இடத்துக்குள்தான் எழுதி முடிக்க வேண்டும். அதனால் கோடு போட்ட கொப்பியில் பக்கத்தை அளந்து மடித்துக்கொடுத்து எழுத வைக்கிறேன். நான் திருத்துவது இரண்டே விஷயம்: கேட்டதற்கு முதல் இரண்டு வரியில் பதில் வந்ததா, மூலத்திலிருந்து ஒரு அடியாவது சரியாக வந்ததா. கட்டிலிருந்த மாதிரி விடைகளில் "தமிழ் இலக்கியம் தொன்மையும் சிறப்பும் வாய்ந்தது" என்று ஐந்து வரி அரைத்த மாவையே அரைத்த பிறகுதான் விடை தொடங்குகிறது. 9 நிமிடத்தில் ஐந்து வரிக்குப் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

போனில் வாசித்துக் கண் நோகிறது என்று சொன்னதால் எல்லாவற்றையும் என்.சி. வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அச்சிட்டோம். சுருள் கம்பி வேண்டாம், இங்கத்தைய காற்றுக்கு நிற்காது என்று கடைக்காரத் தம்பியே சொல்லி, நூல் போட்டுத் தைத்து, கடின அட்டை ஒட்டித் தந்தார். பாட்டுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் வேண்டும் என்றதற்கு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டுத் தைத்துக் கொடுத்தார். குறுந்தொகை, புறநானூறு, குறள் மூன்றும் ஒரு புத்தகம். மதுரைக் காண்டமும் கம்பனும் ஒன்று. திருவாசகம், திருப்பாவை, கண்ணன் பாட்டு ஒன்று. மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு அந்தக் கட்டின் விலையில் பாதிகூட வரவில்லை.

முத்துப்பட்டன் கதையும் மலையருவியும் எங்களுக்கு இங்கே கிடைக்கவில்லை. சாதி கடந்து பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, அதற்காகவே வாழ்ந்து செத்த முத்துப்பட்டனைச் சுருக்கத்தில் படிக்க அவளுக்கும் விருப்பமில்லை. இரண்டையும் அக்கா திருச்சியில் தேடி வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கிறாள்.